வெள்ளை அணுக்கள்

உலகம்மைக்கு வயிற்றில் புற்றுநோய். ஸ்ரீவராகத்தில் தனியாக இருந்தாள். ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் ஆட்டோ பிடித்துப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பாள். மருந்து ஏற ஏற வெள்ளை அணுக்கள் குறையும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்தமுறை குறையவில்லை. லேப்பிலிருந்த ஷில்பா மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சாம்பிள் மாறிப்போச்சுன்னு தோணுது அம்மா. இப்பப் பொறந்த கொச்சுக்குழந்தையோட அணுக்கள் மாதிரியாக்கும் இருக்கு."

மறுபடி எடுத்த ரத்தத்திலும் அதே அணுக்கள்தான் இருந்தன.

"ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா மக்ளே?" என்று உலகம்மை கேட்டாள்.

தமாஷ் என்று நினைத்து ஷில்பா சிரித்தாள். "அதெல்லாம் இதுல எங்ஙனே அம்மா தெரியும்?"

கல்யாணமான மறுவருஷம் உலகம்மைக்கு ஒரு குழந்தை பிறந்தது. அது அழவில்லை. முகத்தைக்கூடக் காட்டாமல் துணியில் சுற்றி எடுத்துப்போனார்கள். என்ன குழந்தை என்று அன்று அவளுக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. இன்று கேட்பதற்கு யாரும் உயிரோடு இல்லை.

மத்தியானம் வீடு திரும்பிக் கதவைச் சாத்தியபோது மார்பு கனத்து வலித்தது. குனிந்து பார்த்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்து, பால் வாசனை அடித்தது. அறுபத்தைந்து வயதில் அவள் பாயை விரித்து, கொக்கிகளைக் கழற்றி, ஒருக்களித்துப் படுத்தாள். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.