வருகிற பக்கம்

மலாயாவின் கெடா மாநிலத்தில், ஜித்ரா சாலையில் வெயில் சாய்கிறது. சயாமில் ரயில் பாதை போடவென்று தன் புருஷனை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிய இடத்திலேயே ராக்காயி நிற்கிறாள். வடக்கே போகிற லாரிகள் அவள் முந்தானையை உரசுகின்றன. திரும்புகிறவை எதிரே, மூசாவின் கடையை ஒட்டிப் போகின்றன. “அண்ணே, கெடாவ ஜப்பான்காரன் சயாம்காரன்கிட்ட குடுத்துட்டானாமே. சயாம்காரன் வண்டி போற பக்கத்த மாத்துவானா?” என்று மூசாவிடம் கத்துகிறாள். “அவனுக்கும் இடது பக்கந்தான்லா. எதுக்குக் கேக்குற?” “மாத்துனா, வர்ற லாரி என் பக்கமா வரும்ல. அவரு மூஞ்சியப் பாத்துருவேன்.” “நீ இந்தப் பக்கம் வந்து நில்லேன்.” “ஏறும்போது, இங்கயே நில்லுன்னு சொன்னாருண்ணே.” வடக்கிலிருந்து ஒரு லாரி வருகிறது. கடைப்பக்கத்துத் தார்ப்பாயைக் காற்று தூக்க, உள்ளே வெறும் பலகை தடதடப்பதை மூசா பார்க்கிறார். “ஆளு இருந்துச்சாண்ணே?” அவர் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். “ஒரே புழுதிலா, தங்கச்சி. சரியாத் தெரியல.”