கையோடு வந்த மூடி

கார் சீட்டைப் பின்னால் சாய்க்கும் லிவரின் பிளாஸ்டிக் மூடி, லேசாக இழுத்ததற்கே அவள் கையோடு வந்துவிட்டது. கணவன் வேலை முடிந்து வருவதற்குள் காரை எடுத்துக்கொண்டு சீட் கடைக்கு ஓடினாள்.

“அண்ணே, உடனே புதுசு மாட்டிக் குடுங்க. அவருக்குத் தெரிஞ்சா வீட்டையே ரெண்டாக்கிடுவார். கார்ல ஒரு பிஸ்கட் தின்னாலே வகுப்பெடுக்கிற மனுஷன்!”

கடைக்காரர் தேய்ந்துபோன அந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார். வெளியே நின்ற காரை எட்டிப் பார்த்தார். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார்.

“எனக்கு உயிர் போகுது, நீங்க சிரிக்கிறீங்களே?”

“இல்லம்மா, போன வாரம் இதை உடைச்சு எடுத்துட்டு வந்ததே உங்க வீட்டுக்காரர்தான். அன்னிக்குப் புதுசு ஸ்டாக் இல்லை. ‘அவளுக்குத் தெரிஞ்சா என் மானமே போயிடும், எப்படியாவது ஒட்டிக் குடுங்க’ன்னு கெஞ்சினார். நான்தான் பசை வெச்சு ஒட்டினேன். இப்போ புதுசு வந்தாச்சு, மாட்டிடவா?”

அவள் முகம் மலர்ந்துபோனது.

“வேண்டாம் அண்ணே. அதே பசையை இன்னும் கொஞ்சம் கம்மியா வெச்சு ஒட்டுங்க. சாயங்காலம் அவர் கார்ல உட்கார்ந்து சீட்டைச் சாய்க்கும்போது அவர் கையோட வரட்டும். கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரைத் திட்டுறதுக்கு எனக்கு ஒரு வாய்ப்புகூடக் கிடைக்கலை!”