செவலை சாகக் கூடாது

“குடிச்சுரு சாமி, ஒரே ஒரு மடக்கு. என் ராசால்ல!”

ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து, மடியில் கிடந்த நாயின் வாயில் குளுக்கோஸ் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள் சிவபாக்கியம். தண்ணீர் கடைவாயில் வழிந்து சேலையை நனைத்தது. செவலை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

தாண்டிக்குடியிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும் வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருந்த சங்கிலிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இதே செவலையை இவள் விளக்குமாற்றால் விரட்டி விரட்டி அடித்ததைக் காபி எஸ்டேட்டே பார்த்திருக்கிறது. இப்போது என்னடாவென்றால், போன வாரத்திலிருந்து அதை வீட்டுக்குள்ளேயே கட்டிப்போட்டு, கறி எடுத்து ஆக்கிப் போடுகிறாளாம்!

“என்னக்கா, திடீர்னு இம்புட்டுப் பாசம்?”

“ஏலே, பேச்சக் கொறச்சுட்டு வெரசா ஓட்டு!”

முன்சீட்டில் இருந்த அவள் மகள் லாவண்யா திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். “செவலைக்கு ஒன்னும் ஆகாதுல்லம்மா?”

“வாய மூடுடி!” என்று சீறினாள் சிவபாக்கியம். சீறிய வேகத்திலேயே அழுகையும் வந்துவிட்டது.

“புள்ளைக்கு இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லியாக்கா?”

“தனியா விட்டுட்டு வர மனசில்லடா.”

நாயைப் பார்ப்பாள், பிள்ளையைப் பார்ப்பாள், மறுபடியும் நாயைப் பார்ப்பாள். மலையிறங்கும் வரை அவளுக்கு அதுவே வேலையாக இருந்தது.

வத்தலக்குண்டு கால்நடை டாக்டர் எல்வின் அப்போதுதான் வந்து ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்திருந்தார். லாவண்யாவைச் சங்கிலியிடம் விட்டுவிட்டு, நாயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே ஓடினாள் சிவபாக்கியம். மேசைமேல் கிடத்தியதும் டாக்டர் வழக்கமான கேள்விகளை அடுக்கினார்.

“எத்தன நாளா சாப்பிடல? வாந்தி எடுத்துச்சா? எலி மருந்து எதுவும் தின்னுச்சா? வேற நாய் கடிச்சுச்சா, இது யாரையும் கடிச்சுச்சா? வருசத்துக்கு ஒருக்க தடுப்பூசி போடுறீங்களா?”

“ரெண்டு நாளாச் சாப்பிடலைங்க” என்றாள். மற்ற எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினாள்.

டாக்டர் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தார். ஈறு வெள்ளைத் துணியாக வெளுத்திருந்தது. காதுமடலைப் புரட்டினார், உண்ணி அப்பிக் கிடந்தது.

“உண்ணிக் காய்ச்சல்மா. ரத்தமே இல்ல. ரொம்ப லேட்டாக் கொண்டு வந்திருக்கீங்க. வயசும் ஆயிருச்சு. பாவம், ஒரு ஊசியப் போட்டு வலியில்லாம அனுப்பி வச்சுரலாம்.”

“ஐயோ!” என்று அலறியபடி அவர் காலில் விழுந்தாள் சிவபாக்கியம். “அந்த ஊசி வேணாங்க! ஞாயித்துக்கெழம வரைக்கும் எப்படியாச்சும் உசுரப் புடிச்சு வைங்க. அதுக்கப்புறம் அது செத்தாக்கூடப் பரவால்லைங்க!”

“எந்திரிங்கம்மா மொதல்ல. ஞாயித்துக்கெழம யாரு வர்றாங்க? வீட்டுக்காரரா? அவரு வளத்த நாயா?”

சிவபாக்கியம் ஒரு கணம் விழித்தாள். பிறகு அவசரமாகத் தலையாட்டினாள். “ஆமாங்க. திருப்பூர்ல இருக்காரு. அவருதாங்க ஆசையா வளத்தாரு.”

டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. வளர்த்தவன் வந்து கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கட்டும் என்று தவிக்கிறாள்; இந்தக் காலத்தில் புருஷன்மேல் இப்படி உயிரை வைத்திருக்கிற பொம்பளையா என்று நினைத்துக்கொண்டார். ‘சரி, நம்மால் ஆனதைப் பார்ப்போம்’ என்று முன்காலில் முடியைச் சிரைத்து, நரம்பைத் தேடிப் பிடித்து டிரிப்ஸ் ஏற்றினார்.

சிவபாக்கியம் மேசையோரம் நின்று நாயின் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறி இறங்கினால் இவளுக்கு மூச்சு வந்தது. அது நின்று நின்று ஏறினால் இவளும் மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“பழனியாண்டவா, எம்மவளுக்கு மொட்டையடிச்சு ஒனக்கு முடி குடுக்குறேன். இத மட்டும் காப்பாத்திக் குடுத்துருப்பா...”

நாய்க்காகப் பெற்ற மகளின் தலைமுடியை நேர்ந்துகொள்கிறாளே என்று டாக்டருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. இன்னொரு ஊசி மருந்தையும் எடுத்துச் செலுத்தினார்.

பலனில்லை. செவலையின் நான்கு கால்களும் ஒருமுறை விறைத்துத் தளர்ந்தன. விலா அப்படியே நின்றுவிட்டது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, மெல்ல டிரிப்ஸ் குழாயை மூடினார்.

“போயிருச்சும்மா.”

சிவபாக்கியம் நாயைப் பிடித்து உலுக்கினாள். “எந்திரி! எந்திரிடா! ஞாயித்துக்கெழம வரைக்கும் இருடா பாவி!”

“வீட்டுக்காரருக்கிட்ட நான் வேணும்னா பேசுறேன். எங்கிட்ட நல்ல குட்டி ஒன்னு இருக்கு, தூக்கிட்டுப் போங்க. மனசத் தேத்திக்கங்க.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் வெளியே ஓடினாள். ஜீப்பில் சங்கிலி வாங்கிக் கொடுத்த பன்னைத் தின்றுகொண்டிருந்த லாவண்யாவை வாரி இழுத்துத் தூக்கி வந்தாள். “ஏக்கா, என்னாச்சுக்கா?” என்று கத்திக்கொண்டே பின்னால் வந்தான் சங்கிலி.

உள்ளே வந்தவள் மகளை அந்த மேசைமேலேயே, செத்துக் கிடந்த நாயின் பக்கத்தில் உட்காரவைத்தாள். பன்னைக் கையில் பிடித்தபடி பிள்ளை மலங்க மலங்க விழித்தது.

“என்னம்மா செய்றீங்க? புள்ளைய எதுக்கு இங்க உக்கார வைக்கிறீங்க?” என்றார் டாக்டர்.

சிவபாக்கியம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

“கடிச்ச நாய் பத்து நாளைக்குள்ள செத்துட்டா புள்ளையும் செத்துரும்னு சொன்னாங்களே டாக்டர்!”