வேலியோரம் நிற்கும் வண்டி

"வெண்டல், உங்க வண்டி மறுபடியும் படுத்துடுச்சு. அதே இடத்துல."

லைலாக் பூச்செடி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து லவோன் குரல் கொடுத்தாள். சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்த வெண்டல், கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

'உங்க வண்டி' என்று அவள் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் பழைய வண்டிகளை வாங்கி, தன் கராஜில் பிரித்து மேய்ந்து சரிசெய்து, வாசலில் நிறுத்தி விற்பது அவருக்கு ஓய்வுக்காலத் தொழில். பதினோரு வருடங்களில் அவர் விற்ற ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை. விஸ்கான்சினின் அந்தச் சின்ன ஊரில் அவருக்கென்று இருந்த ஒரே கர்வம் அதுதான்.

லவோன் போன வருடக் கடைசியில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவள். முப்பது வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். அவரைப் போலவே தனிக்கட்டை. மே மாதம் ஆசைப்பட்டு அவரிடம் இந்த வண்டியை வாங்கினாள். வாங்கிய வாரத்திலிருந்தே இந்தக் கூத்து.

"எங்க போயிருந்தீங்க? வாசல்ல உங்க நாற்காலி காலியா இருந்துச்சே, ஊர்ல இல்லையோன்னு நினைச்சேன்."

"உள்ளதான் இருந்தேன். தள்ளுங்க, பார்ப்போம்."

கை தானாகப் போய் பிளேடு சுவிட்சை அணைத்தது, கால் பிரேக்கை மிதித்தது. சாவியைத் திருப்பினார். வண்டி சமர்த்தாகக் கிளம்பியது.

"இது என்னங்க அநியாயம்? நீங்க தொட்டா கிளம்புது, நான் ஓட்டினா நிக்குது. என்மேல என்ன கோபம் இதுக்கு?"

வெண்டலுக்கும் அதுதான் விளங்கவில்லை. பேட்டரி பன்னிரண்டரை வோல்ட் காட்டியது. ஃபியூஸ் போகவில்லை. எர்த் ஒயரைச் சுரண்டித் துடைத்து இறுக முடுக்கியாயிற்று. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் இன்ஜினை அணைப்பதற்கு சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. அதையும் புதிதாக மாற்றிவிட்டார். வேலியோரம் குலுங்கித்தான் நிற்கிறதோ என்று அங்கிருந்த பள்ளத்தில் மண் கொட்டி மட்டம்கூடச் செய்துவிட்டார். இருந்தும் நிற்கிறது. தோட்டத்தில் வேறெங்கும் நிற்பதில்லை. அவர் வாசலுக்கு நேராக, வேலியோரத்தில் மட்டும்தான்.

"ஓட்டுங்க. நான் கூடவே நடந்து வரேன்."

மூன்று சுற்று வந்தார்கள். வண்டி ஒரு தடவைகூட முனகவில்லை.

"பார்த்தீங்களா? பஸ்ல வாத்தியார் ஏறினா பிள்ளைங்க கைகட்டி உட்காருமே, அந்தக் கதைதான்" என்றாள் லவோன்.

"எங்கயோ லூஸ் கனெக்‌ஷன். பிடிச்சிடுவேன்."

"சீக்கிரம் பிடிங்க. நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் எங்கண்ணன் ரோஜர் டிரெய்லரோட வரான். இன்னைக்கு இன்னொரு தடவை நின்னா, இதைக் கொண்டுபோய் உங்க வாசல்ல இறக்கிட்டு எனக்குக் கடையில புதுசு வாங்கித் தரப்போறானாம்."

"பக்கத்து வீட்டுக்கு எதுக்கு டிரெய்லர்?"

"நாலு பேர் பார்க்கணுமாம்."

திங்கட்கிழமை காலை காபிக் கடையில் வெண்டலைக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள்.

"எனக்கும் மனசில்லதான்" என்று லவோன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தாள். "நல்ல வண்டி. கொஞ்சம் ரோஷக்காரி, அவ்வளவுதான்."

வெண்டல் யோசித்தார். அவர் ஓட்டினால் பழுது வருவதில்லை. கூட நடந்தாலும் வருவதில்லை. ஆளைப் பார்த்து ஒளிகிற பழுதை, ஒளிந்திருந்துதான் பிடிக்க வேண்டும்.

"நீங்க பாட்டுக்கு ஓட்டிட்டிருங்க. நான் போய் வேற மீட்டர் எடுத்துட்டு வரேன்."

வீட்டுக்குப் போவதுபோல் போனவர், சத்தமில்லாமல் திரும்பி வந்து லைலாக் புதருக்குப் பின்னால் குந்தினார். முழங்கால் இரண்டும் சடசடவென்று சொடுக்கின. நல்லவேளை, இன்ஜின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

கிளைகளை விலக்கிப் பார்த்தார். வண்டி தூரத்து மூலையில் திரும்பியது. வேலியை ஒட்டி நேராக வந்தது. அவர் வாசலுக்கு எதிரே வந்ததும், அவர் கண்ணெதிரிலேயே பொட்டென்று நின்றது.

வெண்டல் பார்த்துவிட்டார். பார்த்ததை நம்புவதற்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. எழுபத்திரண்டு வயதில், புதருக்குப் பின்னால் குந்திய நிலையில், அவருக்குச் சந்தோஷத்தில் காது மடல் சுட்டது.

"வெண்டல், படுத்துடுச்சு" என்று லவோன் கூப்பிட்டாள். குரலில் அழுகை எட்டிப்பார்த்தது. "அவ்வளவுதான். ரோஜர் கொண்டுபோய் விட்டுருவான்."

வெண்டல் கராஜுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் மீட்டர் இல்லை, மரம் அறுக்கும் ரம்பம் இருந்தது. வந்தவர் தன் வாசலுக்கு நேரே இருந்த லைலாக்கை அறுக்கத் தொடங்கினார்.

"என்னங்க பண்றீங்க? ஒயரைப் பார்க்காம செடியை எதுக்கு அறுக்கறீங்க?"

"டிரெய்லர் வேண்டாம்னு ரோஜருக்குச் சொல்லிடுங்க. பழுது கிடைச்சிடுச்சு."

"எங்க இருந்துச்சு?"

வெண்டல் தலையை நிமிர்த்தாமல் ரம்பத்தை இழுத்தார்.

"இந்த வேலியிலதான். ரெண்டடி அதிக உயரம். இனிமே என் நாற்காலியில ஆள் இருக்கான்னு பார்க்க, நீங்க சீட்டை விட்டு எழுந்திரிக்க வேண்டியதில்ல."