எர்த் வயர் பாடம்

ஆன்லைன் வகுப்பில் இருந்தவர்கள்: பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து அழகம்மை டீச்சர், கிள்ளானிலிருந்து நாஜியா, ஷா ஆலம் அறையிலிருந்து நான், என் பக்கத்தில் அறைத்தோழன் ராசிக்.

ராசிக் போன மாதம் மோட்டார் விபத்தில் இறந்துவிட்டான். நாங்கள் இருவரும் ஒரே கட்டணத்தில், ஒரே கைப்பேசியில் வயரிங் படித்தோம். டீச்சர் கண்டுபிடித்தார், திட்டவில்லை. அன்றிலிருந்து திரையில் எங்கள் கட்டத்தைப் பார்த்து இரண்டு பெயர் சொல்லி அழைப்பார். எல்லாருக்கும் புரியாமல் வகுப்பை முடிக்கமாட்டார்.

இப்போதெல்லாம் நான் இரவு வேலை முடிந்து வரும்போது ராசிக்கின் மெத்தை சூடாக இருக்கிறது. தூங்க முடியவில்லை. காலேஜை விட்டதுபோல் இந்த வகுப்பையும் விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

"ஜுஹைர், எர்த் வயர் எதுக்குன்னு புரிஞ்சதா?"

"புரிஞ்சது டீச்சர்."

"ராசிக்?"

"டீச்சர், அவன் மௌத்தாயிட்டான்லா. சொன்னேனே."

"தெரியும்பா. ஆனா புரியலன்னு தலையை ஆட்டுறானே. நீ கொஞ்சம் தள்ளி உட்காரு, மறைக்குது."

நாஜியா கேமராவை அணைத்தாள். நான் தள்ளி உட்கார்ந்தேன்.

டீச்சர் மறுபடி படம் வரைந்தார். அவசரப்படவில்லை.

"கரண்டு போக வழியில்லாம பெட்டியில நிக்குது, ராசிக். தொட்டவனைப் பிடிச்சிக்கும். அதுக்குத்தான் இந்த வயர். இது வழியா மண்ணுக்குப் போயிடும்."

கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு சிரித்தார்.

"ஆங், இப்ப புரிஞ்சிடுச்சு. நீ போலாம்பா."

ராசிக்கின் சாவி என் முன்னால் மேசைமேல் கிடந்தது. எனக்குப் பின்னால் கதவு திறந்து மூடியது. எப்போதும்போல், வெளியிலிருந்து இரண்டு சுற்று சுற்றிப் பூட்டினான்.