இரண்டு பதினேழுக்கு வரும் செல்வி

மணி இரண்டு பதினாறு. சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் எழிலரசி ஓடிவந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

இரண்டு பதினேழு.

காலியாகக் கிடந்த ஃபோல்டரில் பொலபொலவென்று முப்பத்தெட்டு ஃபைல்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே பெயர்: இசக்கிசெல்வி.

யாரடி அம்மா நீ?

வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதமாக எழிலரசியைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி இதுதான்.

வல்லம் வடகால் தொழிற்பேட்டையில், கார் கதவுக்குப் பூட்டு செய்யும் கம்பெனி அது. தயாரிப்பு லைனில் எடுக்கும் அளவெல்லாம் நெட்டில் ஒரு ஃபோல்டரில் ஃபைல் ஃபைலாகச் சேரும். அதை நகலெடுத்து, கார் கம்பெனிக்காரர்கள் பார்க்கும் இன்னொரு ஃபோல்டரில் ஐந்து மணிக்குள் போட்டாக வேண்டும். தப்பினால் போனிலேயே கடித்துக் குதறிவிடுவார்கள்.

நகலெடுப்பது இசக்கிசெல்வி. முப்பத்தெட்டும் வந்ததா என்று பார்த்து நோட்டில் டிக் அடிப்பது எழிலரசி.

அந்த செல்வி ஞாயிற்றுக்கிழமையும் வருவாள். பொங்கலன்று வீட்டில் கரும்பைக் கடித்துக்கொண்டே எழிலரசி செல்போனில் திறந்து பார்த்தாள். இரண்டு பதினேழு, இசக்கிசெல்வி. அவளுக்குப் பாவமாகப் போய்விட்டது. நல்ல நாளும் அதுவுமாக ஒருத்தியை இப்படியா வேலை வாங்குவார்கள்!

சூப்பர்வைசர் கோதண்டராமனைக் கேட்டாள். அவர் வந்தே ஆறு மாதம்தான். தலையைச் சொறிந்தார். "வேற பிளான்ட்டா இருக்கும்மா. ஃபைல் வருதுல்ல, வுடு."

அதே கோதண்டராமன்தான் இன்று காலையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். டிக் அடிக்க ஓர் ஆளா என்று மேலே கேட்கிறார்களாம். இந்த மாதத்தோடு முடித்துக்கொள்ளலாமாம். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

லாரி ஓட்டிய அப்பா கால் உடைந்து வீட்டில் உட்கார்ந்து நாலு மாதம். எழிலரசியின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனாலும் பாருங்கள், மனுஷ மனசை. போவதற்குள் அந்த செல்வி யார் என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று அதற்கு ஓர் அரிப்பு.

ஃபைலின் ஓரத்தில் குறிப்பு எழுதினால் அது ஃபைல்காரருக்கு மெயிலில் போய்விடும். எழுதினாள்: "அக்கா, நான் எழில். உங்க ஃபைலுக்கு டிக் அடிக்கிறவ. லீவே போட மாட்டீங்களாக்கா?"

கால் மணி நேரத்தில் பதில் வந்தது.

"ஏ புள்ள, நான் அந்தக் கம்பெனிய விட்டு ஒன்றர வருசமாச்சு! சங்கரன்கோயில்ல பாத்திரக்கடைல நிக்கேன். அது இன்னுமா ஓடிக்கிட்டு கெடக்கு?"

எழிலரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பிறகு துண்டு துண்டாகக் கதை வந்தது. தினம் இரண்டு மணி நேரம், கண் எரிய எரிய செல்வி கையால்தான் நகலெடுத்திருக்கிறாள். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவு கேட்டால், ஃபைலை யார் போடுவது என்றார்களாம். ஆறு ஞாயிற்றுக்கிழமை நெட்டைப் பார்த்துப் படித்து, தினமும் தானாகவே நகலெடுக்கும்படி ஒரு ப்ரோகிராம் எழுதியிருக்கிறாள். அதுவும் தன் சொந்த மெயிலில். கம்பெனி அவளுக்கென்று ஒரு மெயில்கூடக் கொடுக்கவில்லை. ஓடியதும் சந்தோஷம் தாங்காமல் மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் கைதட்டினார்.

"மறுவாரமே, அதான் தானா நடக்கே, நீ எதுக்குன்னுட்டாக. கொடைக்கு ஒரேயடியா வந்துட்டேன்."

எழிலரசி டைப் அடித்தாள்: "என்னையும் இந்த மாசத்தோட நிறுத்துறாங்கக்கா."

செல்வியிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"நாளைக்கி ரெண்டு பதினேழு வரைக்கும் பொறு."

மறுநாள் இரண்டு பதினேழு ஆயிற்று. இரண்டு இருபது ஆயிற்று. ஃபோல்டர் துடைத்துவைத்த மாதிரி கிடந்தது.

இரண்டரைக்கு கோதண்டராமன் ஓடிவந்தார். "எழிலு! இன்னாம்மா இது, காலியா கீது?"

"அவங்க நின்னுட்டாங்க போல சார். இனிமே கையாலதான் போடணும். ரெண்டு மணி நேரம் புடிக்கும்."

"தெனமுமா?"

"தெனமுந்தான் சார்."

கோதண்டராமன் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். மேலே தானே பேசிக்கொள்வதாகவும், இந்த மாதம் அடுத்த மாதம் என்ற பேச்சே இனி வேண்டாம் என்றும், அவள் மட்டும் அந்த சீட்டை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்றும் சொன்னார்.

அவள் எழுந்திருக்கவில்லை. டொக்கு டொக்கென்று கீபோர்டு உடைகிற மாதிரி அடித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் எட்டிப்பார்த்த கோதண்டராமன் மனசு கேட்காமல், தானே போய் ஒரு டீ வாங்கிவந்து பக்கத்தில் வைத்தார்.

அவள் அடித்ததெல்லாம் சங்கரன்கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் கால், கேன்டீன் சாம்பார், கொடை எந்த மாதம், வந்தால் தங்க இடம் கிடைக்குமா.

மணி நாலரை ஆனதும், காலையில் அங்கிருந்து வந்திருந்த மெயிலைத் திறந்தாள். ப்ரோகிராமும், மேலே ஒரு வரியும் இருந்தன.

"பட்டனத் தட்டினாப் போதும். என்னைய மாரி போயி யார்ட்டயும் காட்டிப்புடாத."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தட்டினாள்.

பொலபொலவென்று முப்பத்தெட்டும் வந்து விழுந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே பெயர்: எழிலரசி.