மூடியில் வைத்த பொட்டு

தண்ணீர் டிரம்மில் இறக்கினால் சிங்கம் மாதிரி ஓடுகிற படகு மோட்டார், கடலில் கால் மணி நேரம் போனதும் இருமி இருமி நின்றுவிடுகிறது என்றார்கள்.

இது மூன்றாவது முறை.

முதல் இரண்டு முறையும் மோட்டாரை மட்டும் ஆட்டோவில் ஏற்றி, கோட்டக்குப்பத்தில் இருக்கும் என் பட்டறைக்கு அனுப்பினார்கள். பிளக்கை மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். என் கேனில் இருந்த எண்ணெயில் ஓட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பினேன்.

சார்ஜாவில் பதினோரு வருஷம் படகு மோட்டார் பார்த்தவன் நான். ‘ஹமீது பாய்க்கே புரியலையாம்’ என்று எந்தக் குப்பத்திலும் எவனும் சொல்லக் கூடாது. அந்த ரோஷத்தில்தான் இன்று நானே பைக்கை எடுத்துக்கொண்டு மரக்காணம் பக்கம் கிளம்பி வந்தேன்.

மோட்டாரின் சொந்தக்காரர் துரைக்கண்ணு படகின் நிழலில் குந்தியிருந்தார்.

கார்த்திகைப் புயலில் படகு கவிழ்ந்து, அதன் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பது மணி நேரம் அலையில் கிடந்தவர். கூடப் போன படகுக்காரர்கள் ஆளையும் படகையும் மோட்டார் டாங்கியையும் கரை சேர்த்தார்கள். ஆள் தேறிவிட்டார், மோட்டாருக்குத்தான் சீக்கு விடவில்லை என்று குப்பத்தில் பேச்சு.

“இன்னா பாய், இன்னிக்காவது புடிபடுமா? நாளைக்கு எறா புடிக்க எல்லாரும் எறங்குறாங்க. எங்கூட்டுது மட்டும் கரையிலே குந்திக்கினு கெடக்குது!”

அவர் மனைவி இசைவாணி. வலை பிரித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்க்கிற குரல்.

இந்த முறை அவர்களுடைய எண்ணெய் டாங்கியையே குழாயில் மாட்டி, டிரம்மில் ஓட விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

சரியாகப் பதினாலாவது நிமிஷம் இருமியது.

குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் பம்ப் சப்பிப்போயிருந்தது. டாங்கி மூடியை லேசாகத் திருகினேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. மோட்டார் இருமலை விட்டுவிட்டுப் பழையபடி ஓட ஆரம்பித்தது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

டாங்கி மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. எண்ணெய் குறையக் குறைய அது வழியாகத்தான் காற்று உள்ளே போக வேண்டும். அந்தத் துளைக்கு மேலே, கொட்டைப் பாக்கு அளவில், சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆயுத பூஜை வந்தால் இவர்கள் எதைத்தான் விட்டுவைப்பார்கள்! ஜெராக்ஸ் கடை மிஷினின் பொத்தானுக்கே பொட்டு வைத்து அதை அமுங்காமல் செய்தவர்கள். சந்தனத்தைக் கம்பியால் சுரண்டிக்கொண்டே, இசைவாணி அக்காவைக் கூப்பிட்டுக் கேலி செய்ய வாயெடுத்தேன்.

சந்தனம் ஈரமாக வந்தது. வாசம்கூடப் போகவில்லை.

ஆயுத பூஜை போய் மூன்று மாதம் ஆகிறது. நடுவில் ஒரு புயல். அன்று வைத்த பொட்டாக இருந்தால் ஒன்பது மணி நேரக் கடலில் கரைந்து போயிருக்கும்.

துரைக்கண்ணுவைப் பார்த்தேன். அவர் வலது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிக்கொண்டார். அதற்குள் நகக்கண்ணில் இருந்த சந்தன மஞ்சளைப் பார்த்துவிட்டேன்.

“கரை கண்ணுலேர்ந்து மறைஞ்சா நெஞ்சு அடிச்சிக்குது, பாய்,” என்றார் மெதுவாக. “அவகிட்ட சொல்லிடாத.”

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்பார்கள். முப்பது வருஷம் கடலுக்குப் போனவர், கடலைப் பார்த்தால் பயமாயிருக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வார்? என் ரோஷமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மோட்டாரை அணைத்தேன்.

“உள்ளே ஒரு சாமான் போயிருக்குதுக்கா,” என்றேன், வலை பிரிக்கிறவர்களுக்கும் கேட்கும்படி. “மெட்ராஸ்லேர்ந்து வரணும். பத்து நாளாவும்.”

நன்றாக இருக்கிற மோட்டாருக்கு நான் சொன்ன முதல் பொய். ‘புரியாமல்தான் சாக்கு சொல்கிறான்’ என்று அவர்கள் நாளைக்கே பேசுவார்கள். பேசட்டும்.

ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கிடம் வந்தேன். இசைவாணி டீ டம்ளரோடு பின்னாலேயே வந்தாள். வந்தவள் ஒருமுறை கரைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“பத்து நாளு பத்தாது, பாய். ஒரு மாசம்னு சொல்லு.”

இப்போது அவள் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. டம்ளரை நீட்டிய கையைப் பார்த்தேன். விரலெல்லாம் அதே மஞ்சள்.

“அவரு எடுக்கணும்னு தெனம் சந்தனம் அரைச்சி வெக்கிறேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது.”

டீயை வாங்கினேன். டம்ளரை பைக் சீட்டில் வைத்துவிட்டு, நாலடி திரும்பி நடந்தேன்.

“அண்ணே, தப்பா சொல்லிட்டேன். ஒரு மாசம் ஆவும்!”

துரைக்கண்ணுவின் தோள் நிம்மதியில் இறங்கியதை அங்கிருந்தே பார்த்தேன்.

“ஒரு மாசமா? பேஜாரு புடிச்ச மோட்டாரு!” என்று என் முதுகுக்குப் பின்னால் இசைவாணி, கரை முழுக்கக் கேட்கும்படி கத்த ஆரம்பித்தாள்.